ராஜாமணியம்மாளும் இரண்டு டப்பா மாத்திரைகளும்

செய்தி வந்த விதமே குழப்பமாகத்தான் இருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. கரகரப்பான இணைப்பில் யாரோ ஒருவர், "ராஜாமணி தவறிட்டாங்க டாக்டர். வெடியால அஞ்சு மணிக்கு" என்றார். யார் பேசுவது என்று நான் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

ராஜாமணி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பல வருடமாக என்னிடம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, சேலம் கடைவீதியில் ஒரு மாலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறை வாசலில் அவரே நின்று வெல்டிங் ஆளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க டாக்டர். என்னுங்க, மாலையோட வாரீங்க. கோயிலுக்குங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வரவழைத்த காப்பியைப் பாதி குடித்திருக்கும்போதுதான் இன்னொரு ராஜாமணியும் எனக்குத் தெரியும் என்பது உறைத்தது. பத்து வருடம் ஒரே வளாகத்தில் தினமும் பார்த்த ஒருவர். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் ஏன் எனக்கு வரவில்லை என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரவேண்டாம் என்று நானே பழகிக்கொண்டேனோ என்னவோ.

நாமக்கல்லிலிருந்து அப்படியே திருச்செங்கோட்டுக்கு பஸ் பிடித்தேன். மாலை அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது.

இந்த மருத்துவமனை மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு ராஜாமணியம்மாளைத் தெரியும். எங்கள் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அங்கே நோய்க்குறியியல் டாக்டராகச் சேர்ந்த முதல் வாரத்தில், ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு வயதான விவசாயி கையை நீட்ட மறுத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஊசி எவ்வளவு சிறியது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ராஜாமணியம்மாள் வந்து அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்த ஊருங்க? மேச்சேரிங்களா? ஆடு எத்தன உருப்படி வச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். பெரியவர் ஆடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் இருந்தது. பிறகு ராஜாமணியம்மாள் என்னிடம், "ரத்தம் கேக்கறதுக்கு முன்னால ஊரக் கேளுங்க டாக்டர்" என்றார். அறிவுரை போலச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நெருக்கடி நிலை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் எங்களை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஜவ்வரிசி மில்களில் கிழங்கு உரிக்கும் பெண்களுக்குச் சோகை அதிகம். முகம் வெளுத்திருக்கும். கூடவே பலருக்கு வாயின் இரண்டு ஓரமும் வெடித்துப் புண்ணாகியிருக்கும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சோறும் தவிர வேறு பெரிதாக ஒன்றும் சாப்பிடாதவர்கள். வெறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் இந்தச் சோகை போகுமா, அல்லது ரைபோஃப்ளேவின் என்ற பி-2 உயிர்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் போகுமா என்பது கேள்வி.

அதற்கு ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியை அளக்கவேண்டும். குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்று பெயர். ராஜாமணியம்மாள் அதை மில் பெண்களுக்குச் சொன்ன விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். "ரத்தத்துக்குள்ள ஒரு வேலைக்காரன் இருக்கறானுங்க. அவனுக்கு அந்தச் சத்துத்தான் கைக்கருவி. அது இல்லீன்னா ஆளு இருப்பான், வேல நடக்காது. நாங்க குழாயில கொஞ்சம் அந்தச் சத்த ஊத்திப் பாப்போம். ஊத்துனதும் தடதடன்னு வேல செஞ்சான்னா, அதுவரைக்கும் வெறுங்கையோட நின்னிருக்கறான்னு அர்த்தம்." சத்தை ஊற்றுவதற்கு முன் எவ்வளவு, ஊற்றிய பின் எவ்வளவு என்ற விகிதம்தான் எங்கள் கணக்கு. விகிதம் அதிகமாக இருந்தால் உடம்பில் பற்றாக்குறை. மாத்திரை வேலை செய்தால் விகிதம் இறங்கவேண்டும்.

நாற்பது பெண்களை எடுத்துக்கொண்டோம். மாத்திரைகள் இரண்டு டப்பாக்களில் வந்தன. ஒன்றின் மேல் 'அ', மற்றொன்றின் மேல் 'ஆ'. ஒன்றில் இரும்பு மட்டும், மற்றதில் இரும்போடு ரைபோஃப்ளேவின். இரண்டுக்கும் ஒரே காப்பி நிறம், ஒரே அளவு. எது எது என்ற விவரம் ஒட்டிய உறைக்குள் பேராசிரியரிடம் இருந்தது. எனக்கும் தெரியாது, ராஜாமணியம்மாளுக்கும் தெரியாது. இருபது பேருக்கு 'அ', இருபது பேருக்கு 'ஆ'. வாரம் ஒரு முறை அவர் மில்லுக்குப் போய், பெயர் எழுதிய காகித உறைகளில் மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, அன்றே அணுக்களைக் கழுவி, கருவியின் முன் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒரு முறை முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்வார்.

மில் முதலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆய்வுக்கு உடனே ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் சொன்னார்: "நீங்க சொன்னபடி முழுங்காத பொம்பள யாருன்னு எங்கிட்டச் சொல்லீருங்க. அடுத்த நாளே நிறுத்தீடறேன்." அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டு நான் நன்றி சொன்னேன்.

மூன்றாவது வாரம் நானும் உடன் போயிருந்தேன். பாப்பாத்தி என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், உரித்த கிழங்குக் குவியலுக்குப் பின்னால் ராஜாமணியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் எனக்கும் கேட்டது.

"அம்மா, ஒண்ணுக்குப் போனா மஞ்ச மஞ்சளாப் போகுதுங்க. மஞ்சக்காமாலைங்களா?"

நான் சிரித்துவிட்டேன். ரைபோஃப்ளேவின் உடம்பில் மிஞ்சினால் சிறுநீரில் மஞ்சளாக வெளியேறும், ஆபத்தில்லை. அதைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்கு எந்த டப்பா என்பது இப்படியே வெளியே தெரிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. ராஜாமணியம்மாள் சிரிக்கவில்லை. பாப்பாத்தியின் பின்னால் நின்ற இன்னொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், "எனக்கு அப்படியொண்ணும் போகலீங்களே. எனக்குக் குடுத்தது மருந்து இல்லீங்களா?" என்று கேட்டார். நான் எல்லாமே மருந்துதான் என்றேன். அது உண்மைதான். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இல்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவது மாத ரத்தம் வந்தது. ராஜாமணியம்மாள் என் அறைக்கு வந்து குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். "இந்த நம்பரு எனக்குப் புரியலீங்க டாக்டர்" என்றார். ஒரு டப்பாக்காரர்களுக்கு விகிதம் இறங்கி, மற்ற டப்பாக்காரர்களுக்கு அப்படியே நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியிருந்தது. திரும்பச் செய்து பாருங்கள் என்றேன். ஏற்கெனவே மூன்று தடவை செய்துவிட்டேன் என்றார்.

நான் ஒரு விளக்கம் சொன்னேன். இரும்புச்சத்து கிடைத்ததும் உடம்பில் புது அணுக்கள் ஊறும். இளம் அணுவில் நொதிகள் எல்லாமே அதிகமாக இருக்கும். ஆகவே எல்லாருக்கும் நல்லதாகத் தெரிகிறது, போகப் போகச் சரியாகிவிடும். அவர் குறிப்பேட்டில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "மொத்த அளவு ஏறுனா நீங்க சொல்றது சரிங்க. விகிதமுமில்லீங்களா எறங்குது. வெறுங்கையோட நின்னவனுக்குக் கருவி எங்கிருந்தோ வந்திருக்கோணுமில்லீங்களா?" என்றார். பதில் தெரியாததை மறைக்க, பேராசிரியருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். எழுதவில்லை.

மூன்றாவது மாதமும் அப்படியேதான். அந்த மாதம் அவர் புரியவில்லை என்று சொல்லவில்லை. குறிப்பேட்டை வைத்துவிட்டு, "அளவு சரியாத்தான் எடுத்திருக்கறனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வேறுபாட்டை அன்று நான் கவனிக்கவில்லை.

நான்காவது மாத முடிவில் பேராசிரியர் சேலத்துக்கு வந்து உறையைப் பிரித்தார். 'ஆ' டப்பாவில் இரும்பு மட்டும்தான். ரைபோஃப்ளேவின் கிடைக்காத அந்த இருபது பெண்களுக்கும் அது கிடைத்தவர்களைப் போலவே நொதி சரியாகியிருந்தது. வாய்ப்புண்ணும் ஆறியிருந்தது. பேராசிரியர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாத்திரை மாறியிருக்கு. அது ஆஸ்பத்திரியில் மாறியிருக்கணும், இல்லை மில்லில் மாறியிருக்கணும். எங்கே, யாரால்னு கண்டுபிடிச்சு எழுதி அனுப்புங்க. மில்லில்னா முதலாளிக்கும் ஒரு நகல் போகட்டும்" என்றார்.

அன்று மாலை ராஜாமணியம்மாளைக் கூப்பிட்டேன். அவர் உட்காரவில்லை. நான் கேட்டேன்: "உறையில மாத்திரை போடும்போது மாறிப்போச்சா? இல்லை, நீங்களே பாவம்னு எல்லாருக்கும் கலந்து கொடுத்தீங்களா?"

அவர் கேட்டார்: "மில்லுல நடந்திருந்தா அவிகள என்ன பண்ணுவீங்க?"

"அதை முதலாளிதான் முடிவு பண்ணணும்."

"அப்ப நானுன்னே எழுதிக்குங்க டாக்டர்."

நான் எழுதினேன். மூன்று வரிகள். அவருடைய வாக்கியத்தை இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் "நான் செய்தேன்" என்பது எங்கேயும் இல்லை. அன்று எனக்கு அது வாக்குமூலமாகத்தான் கேட்டது. அப்படிக் கேட்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. மேற்கொண்டு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். ஆராய்ச்சி வேலையிலிருந்து எடுத்து, பழைய கட்டடத்தில் மலமும் சிறுநீரும் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேயேதான் இருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வது எப்போதும் அவர்தான். நான் மருத்துவமனையை விட்டு சொந்தமாகக் கிளினிக் தொடங்கிய நாளில் வந்து, "நல்லா நடக்குமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். கோபமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திருச்செங்கோட்டில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவருடைய கணவர், விசைத்தறி ரிப்பேர் செய்பவர், இடுகாட்டிலிருந்து வந்த ஈரத் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலி என்று சொன்னதும் கார் கூப்பிடப் போனதாகவும், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். கையிலிருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒரு பெண் வந்து அதை வாங்கிக்கொண்டார். "சாமி, என்னத் தெரியுதுங்களா? நான் பாப்பாத்திங்க. சேகோ மில்லுல இருந்தனே" என்றார்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி என்று கேட்டேன். "வருசா வருசம் ராஜாமணியக்கா எங்க ஊருக்கு வருமுங்க. ஆரு ஆருக்கு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போகும். வராம இருப்பமுங்களா?" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். நான் எதையும் கேட்கவில்லை.

"அந்த மாத்திரைய நாங்க சேத்திப் போட்டுட்டமுங்க சாமி. ஒருத்திக்கு மஞ்சளாப் போகுது, ஒருத்திக்குப் போகல. ஒருத்திக்கு வாய்ப்புண்ணு ஆறுது, பக்கத்துல உக்காந்து கெழங்கு உரிக்கறவளுக்கு ஆறல. எப்படிங்க பாத்துட்டே இருக்கறது? எல்லா உறையையும் பிரிச்சு ஒரே தூக்குப்போசில கொட்டீட்டோம். காத்தால வேலைக்கு உக்காரதுக்கு முந்தி ஆளுக்கு ஒண்ணு, கண்ண மூடீட்டு எடுத்து முழுங்குவோம். வந்தது வரட்டுமுன்னு."

"ராஜாமணியம்மாளுக்குத் தெரியுமா?"

"மொதல்ல தெரியாதுங்க. ஒரு நாளு வந்து, 'ரத்தத்துல ஏதோ மாறியிருக்குது, என்ன பண்ணுனீங்க'ன்னு கேட்டுது. மறைக்க முடியலீங்க, சொல்லீட்டோம். வையுமுன்னு பாத்தோம், வையல. 'எத்தன பேருக்கு ஆச்சு?'ன்னு ஒண்ணு மட்டுந்தான் கேட்டுது. எல்லாத்துக்கும் ஆச்சுன்னோம். கேட்டுக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பீருச்சுங்க. சந்தோசமா வெசனமான்னு எங்களுக்கும் மட்டுப்படல."

அவருக்கு மெமோ கொடுத்தது தெரியுமா என்று கேட்டேன். பாப்பாத்திக்கு மெமோ என்றால் என்னவென்று தெரியவில்லை. ராஜாமணியம்மாள் சொல்லியிருக்கவே இல்லை. கணவரைப் பார்த்தேன். "எங்கிட்டயும் சொல்லலீங்க. எடம் மாத்தீட்டாங்கன்னு மட்டும் சொன்னா" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸிலும் அதற்குப் பிறகு இத்தனை நாளும் இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். மில் முதலாளியின் வார்த்தையை அவரும் கேட்டிருந்தார். அந்தப் பெண்களின் வேலை போய்விடக் கூடாது என்றுதான் தன் பெயரைக் கொடுத்தார் என்று ஒரு நாள் தெளிவாகத் தோன்றுகிறது. அப்படியானால் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாமே என்று மறுநாள் தோன்றுகிறது. நான் அதைக் காப்பாற்றமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது சரிதானா? அன்றைய என்னை நினைத்துப் பார்த்தால் எனக்கும் நிச்சயமில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் நினைத்திருந்தால் அளவுகளைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கலாம். 'ஆ' டப்பாக்காரர்களுக்கு விகிதம் இறங்கவில்லை என்று எழுதியிருந்தால் ஆய்வு அழகாக முடிந்திருக்கும், யாரும் யாரையும் கேட்டிருக்கமாட்டார்கள். எந்த டப்பா எது என்று சிறுநீரின் நிறத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றவில்லை. பெண்கள் சொன்னதை மறைத்தவர், அவர்களுடைய ரத்தம் சொன்னதை மறைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்தார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

சென்ற மாதம் மருத்துவமனை அலுவலகத்துக்குப் போய், அவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கும் அந்த மெமோவை நீக்கவேண்டும், நான் எழுதிய அறிக்கை தவறு என்று கடிதம் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் இரண்டு முறை படித்தார். "ஆளே இல்லீங்களே சார். இனி யாருக்குங்க இது?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கணவருக்கும் மகனுக்கும் தெரியட்டும் என்பதுபோல் ஏதோ உளறினேன். பிறகுதான் ராஜாமணியம்மாளுக்கு மகனே இல்லை, கணவர் மட்டும்தான் என்பது நினைவுக்கு வந்தது. கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீக்கினார்களா என்று இன்னும் தெரியாது. உங்களில் யாராவது அந்த அலுவலகத்தில் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். இதை எழுத ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வாரம் பாப்பாத்தி என் கிளினிக்குக்கு வந்தார். மில்லை விட்டுவிட்டு இப்போது ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. வாயோரம் மறுபடியும் வெடித்திருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு. ரத்தம் எடுக்கவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, முதலில் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். இரும்பும் ரைபோஃப்ளேவினும் எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல், "எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. இத்தனை வருட டாக்டர் வாழ்க்கையில் ஒரு சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதை நான் கேட்டதே இல்லை. ராஜாமணியம்மாளிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை என்றாலும், அதை எந்த இடத்தில் கேட்கவேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

பாப்பாத்திக்கு நான் கேட்டது விளங்க நேரமே ஆகவில்லை. விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். பண்ணையில் கூட வேலை செய்யும் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டே வந்தேன். பதினொன்றில் நிறுத்தினார். பிறகு இன்னொரு விரலையும் மடக்கி, "என்னையுஞ் சேத்துனா பன்னெண்டுங்க சாமி" என்றார்.